தொட்டி விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு

“எய்யா, தண்ணியக் கொட்டச் சொல்றியே, திரும்ப நீ வந்து நிறைச்சுத் தருவியா?”

2012 மே மாதம், வெயில் கொளுத்திய ஒரு முற்பகல். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் மேற்கே, மலை தெரிகிற ஓர் ஊரில், எட்டு வீடுகள் கொண்ட வளவுக்குள் நின்றுகொண்டிருந்தேன். கேட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஆச்சி. தார்சாவில் காலை நீட்டி, மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். கை ஓடிக்கொண்டே இருந்தது. கண் மட்டும் என் மேல் இருந்தது.

நான் சுகாதார ஆய்வாளர். கையில் ஒரு டார்ச், தோளில் ஒரு பை, பின்னால் மஸ்தூர்கள் என்று நாங்கள் அழைக்கும் களப்பணியாளர்கள் இரண்டு பேர். ஆச்சி வீட்டுச் சிமெண்ட் தொட்டியில் டார்ச் வெளிச்சம் பட்டதும் புழுக்கள் உடம்பை முறுக்கித் துள்ளித் துள்ளி அடியில் இறங்கின. நம் ஆட்கள் அதற்குக் கூத்தாடி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அவ்வளவு பொருத்தமான பெயர் இல்லை.

“ஆச்சி, புழு கிடக்கு. கொட்டிட்டுத் தொட்டியத் தேச்சுக் கழுவணும்.”

அதற்குத்தான் அந்தக் கேள்வி. எனக்குப் பதில் வரவில்லை. அந்த ஊரில் எட்டு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வந்தது. வருவதும் ராத்திரி பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்காமல் காத்திருக்க வேண்டும். அப்படிப் பிடித்த தண்ணீரை வாருகாலில் கொட்டு என்று அரசாங்கச் சம்பளம் வாங்குகிற ஒருவன் பகலில் வந்து சொல்கிறான். ஆச்சி என்னைத் திட்டாமல் விட்டதே பெரிது.

அந்த வருடம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அடி அதிகம் விழுந்தது எங்கள் மாவட்டத்தில். தலைநகரிலிருந்து வந்தவர்கள், “இவ்வளவு வறண்ட ஊரில் எப்படிக் கொசு?” என்று கேட்டார்கள். வறண்ட ஊர் என்பதால்தான் என்பதை அவர்களுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. ஆறு ஓடுகிற ஊரில் யாரும் தொட்டி கட்டித் தண்ணீரைப் பூட்டி வைப்பதில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு சாக்கடையை ஏறெடுத்தும் பார்க்காது. நாம் குடிக்கத் தகுந்த தண்ணீர் என்று நினைக்கிறோமே, அதுதான் அதற்கும் வேண்டும். முட்டையிலிருந்து புழு, புழு நான்கு முறை தோல் உரித்துக் கூட்டுப்புழு, கூட்டுப்புழு இரண்டு நாளில் கொசு. நம் ஊர் வெயிலில் எல்லாம் சேர்ந்து ஏழெட்டு நாள். தண்ணீர் வருவதும் எட்டு நாளைக்கு ஒருமுறை. குழாயும் கொசுவும் பேசிவைத்துக்கொண்டதுபோல.

இன்னொரு பொருத்தமும் இருந்தது. ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு. காலையில் வெயில் ஏறுகிற நேரத்திலும், சாயங்காலம் விளக்கு வைப்பதற்கு முன்பும் அதன் வேட்டை மும்முரமாக இருக்கும். தாழப் பறந்து கணுக்காலைத் தேடி வரும். எங்கள் பகுதியில் பாதி வீடுகளில் பெண்கள் பகல் முழுக்கக் கால் நீட்டி உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். ஆயிரம் பீடிக் கணக்கு முடிகிற வரைக்கும் எழுந்திருக்க முடியாது; கடித்தால் ஒரு தட்டு, அவ்வளவுதான். இலையை நனைக்க ஒரு சட்டியில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். அதையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே பத்து நாள் ஆயிற்று.

கடிப்பது பெண் கொசு மட்டும். முட்டை உருவாக ரத்தத்தில் இருக்கும் புரதம் தேவை. ஆண் கொசு பூச்சாற்றைக் குடித்துக் காலம் தள்ளும். ஏடிஸ் ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிப்பதும் இல்லை. கை அசைந்தால் பறந்து போய் அடுத்த ஆளிடம் உட்காரும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நாலு இலையில் கை வைக்கும். டெங்குக் காய்ச்சல்காரரைக் கடித்தால், வைரஸ் அதன் உடம்பில் பெருகி எச்சிலுக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகும். அதன் பிறகு சாகிற வரைக்கும் அது கடிக்கிற ஒவ்வொருவருக்கும் ஆபத்து. நல்ல வேளையாக அது தூரம் போகிற ஜாதி இல்லை. பிறந்த இடத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டருக்குள் வாழ்ந்து முடித்துவிடும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு டெங்கு என்றால், அந்தக் கொசு பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும்.

வளவுக் கதைக்கு வருகிறேன். ஆச்சியே ஒரு வழி சொன்னார். “கொட்டவேண்டாம். என் வீட்டுக்காரர் வேட்டி ஒண்ணு கிடக்கு, அதுல வடிச்சு அண்டாவுல ஊத்திக்கிடுதேன். தொட்டியக் கழுவிட்டுத் திரும்ப ஊத்துனா ஆச்சு.” புழு துணியில் நின்றுவிட்டது, ஒரு குடம் தண்ணீர்கூட வீணாகவில்லை. அன்று சாயங்காலமே எட்டு வீட்டிலும் அப்படியே செய்யவைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை போய் டார்ச் அடித்தேன். ஐந்து தொட்டிகளில் புழு. அதற்கடுத்த வெள்ளியும் அதே கதை. என்னோடு வந்த மஸ்தூர், “இவங்க கழுவாம நம்மள ஏமாத்துறாங்க சார்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வீட்டில் சத்தம்கூடப் போட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரம் ஒரு தொட்டியைக் காலி செய்யும்போது கூடவே நின்றேன். வடித்தார்கள், இரண்டு குடம் தண்ணீர் விட்டு அலசினார்கள், கையால் துடைத்தார்கள். ஏமாற்று வேலை எதுவும் இல்லை. உள்ளே தலையை விட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தபோதுதான் கண்ணில் பட்டது: தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே, பென்சிலால் இழுத்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. விரலால் தொட்டால் நெறுநெறுவென்று கருமணல். அத்தனையும் முட்டை.

ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடாது. தண்ணீருக்கு மேலே ஈரமாக இருக்கும் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாகாது. காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அடுத்த தடவை தண்ணீர் ஏறி அதைத் தொட்டால் பொரித்துவிடும். நாங்கள் புழுவை வடித்தோம், முட்டையைப் பத்திரமாக விட்டுவைத்தோம், வெள்ளிக்கிழமைதோறும் அதன்மேல் நல்ல தண்ணீரையும் ஊற்றினோம். பயிற்சி வகுப்பில் இதைப் படித்தவன்தான் நான். தேர்வில் எழுதியும் இருக்கிறேன். சிமெண்ட் சுவரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சத்தம் போட்ட வீட்டுக்குத் திரும்பப் போய், “மன்னிச்சுக்கிடுங்கம்மா” என்றேன். அந்தம்மா ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

அதன் பிறகு எங்கள் ஆயுதம் தேங்காய் நாரும் பிளீச்சிங் பவுடரும்தான். விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே வரைக்கும், பாத்திரம் தேய்ப்பதுபோலச் சுற்றிச் சுற்றி அழுத்தித் தேய்க்க வேண்டும். காலி செய்யவே முடியாத பெரிய தொட்டிக்கு அபேட் மருந்து. டெமிஃபாஸ் என்பது அதிலுள்ள வேதிப்பொருள். பத்து லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு என்ற அளவைத் தாண்டாமல் ஊற்றினால் குடிநீரிலும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் ஒப்புக்கொண்ட மருந்து அது. ஆனாலும் வாடை அடிக்கும். நாங்கள் தெருமுனை திரும்பியதும் மருந்து ஊற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்கிறவர்கள் உண்டு. ஒருவகையில் அதுவும் நல்லதுதான், தொட்டி காலியாகிறதே.

தொட்டிகள் ஒழுங்குக்கு வந்த பின்னும் அந்தத் தெருவில் காய்ச்சல் நிற்கவில்லை. தேடியபோது கொல்லையில் ஆட்டுரல்கள் கிடந்தன. வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்துவிட்டது. அதுவரை அடுக்களையில் மரியாதையாக இருந்த ஆட்டுரல் கொல்லை வேலியோரம் போய்விட்டது. விற்க மனசில்லை, உடைக்கக் கூடாது என்று சாஸ்திரம். ஒரு கோடை மழைக்கு அதன் குழியில் இரண்டு லிட்டர் தண்ணீர் நின்றது. குழி நிறைய மண்ணைப் போட்டு மூடச் சொன்னேன். ஒருவர் அதில் துளசி நட்டுவிட்டார். கொசு வளரும் இடங்களின் பட்டியலில் இன்னும் என்னென்னவோ உண்டு: பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜின் பின்பக்கத்துத் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் மண்சட்டி, கட்டுமானம் நடக்கும் மாடியில் சிமெண்ட் இறுகுவதற்குப் பாத்தி கட்டி நிறுத்திய நீர். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டையில், இதன் பங்காளியான ஏடிஸ் அல்போபிக்டஸ் வளர்கிறது. டயர் கடைக்காரர்களிடம் மட்டும் எனக்குப் பொறுமை இருந்ததில்லை. கொசு வளர இடம் கொடுத்தால் நோட்டீஸ் கொடுக்க 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொது சுகாதாரச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. கொடுத்திருக்கிறேன். வாங்கியவர்கள் அடுத்த வாரம் வார்டு உறுப்பினரோடு வந்து நிற்பார்கள்.

வந்தால் கேட்பது ஒன்றுதான்: “சார், எங்க தெருவுக்குப் புகை அடிக்கலியே?”

புகை என்றால் எல்லோருக்கும் பிரியம். யந்திரம் தட தடவென்று சத்தம் போடும், வெள்ளை மேகம் தெருவை மூடும், பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவார்கள். அரசாங்கம் ஏதோ செய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆச்சி தேங்காய் நாரால் தொட்டி தேய்ப்பதை யார் போட்டோ எடுப்பார்கள்? அந்தப் புகை, காற்றில் பறந்துகொண்டிருக்கும் வளர்ந்த கொசு மேல் மருந்துத் துளி பட்டால் அதைக் கொல்லும், அவ்வளவுதான். தொட்டியில் கிடக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. நாளைக்கு அவை கொசுவாகி வரும். அதிலும் ஏடிஸ் தெருவில் நிற்கிற கொசு இல்லை. கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் சேலை மடிப்பில், பீரோவின் பின்னால் இருட்டாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தெருவில் வண்டி வருகிற சத்தம் கேட்டதும் நாம் என்ன செய்கிறோம்? புகை உள்ளே வரக்கூடாது என்று கதவையும் ஜன்னலையும் சாத்துகிறோம். கொசுவுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

புகையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வீட்டில் டெங்கு உறுதியானால், சுற்றியுள்ள வீடுகளுக்குள் புகுந்து, சாமந்தி இனத்துப் பூ ஒன்றிலிருந்து எடுக்கும் பைரெத்ரம் மருந்தை அடிப்போம். வைரஸ் ஏறிய கொசுக்களை உடனே குறைக்க அது உதவும். காற்று அடங்கிய காலையிலோ அந்தியிலோ அடிக்க வேண்டும், புழு ஒழிப்பும் கூடவே நடக்க வேண்டும். மற்றபடி திருவிழாவுக்கு முன் அடிக்கும் புகை வாணவேடிக்கையோடு சேர்த்தி.

அந்தச் சமயத்தில் பார்த்த ஒரு பையனை மறக்க முடியவில்லை. ஒன்பது வயது. நான்கு நாள் கடுங்காய்ச்சல், ஐந்தாம் நாள் உடம்பு குளிர்ந்துவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பாட்டி இட்லி அவித்துக் கொடுத்தாள். மத்தியானம் நாங்கள் போனபோது அவன் திண்ணையில் சுருண்டு கிடந்தான். வயிறு வலிக்கிறது என்றான், இரண்டு தடவை வாந்தி, கைகால் சில்லிட்டிருந்தது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் அபாயமான நேரம். ரத்தக்குழாய்களின் சுவர் தளர்ந்து நீர்ச்சத்து வெளியே கசியத் தொடங்கும், ரத்த அழுத்தம் விழும். ஓயாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசாதாரணச் சோர்வு, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எங்கள் ஜீப்பிலேயே தூக்கிக்கொண்டு போனோம். அவன் பிழைத்தான். அடுத்த தெருவில் ஒரு கல்லூரிப் பெண் பிழைக்கவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாளாம்.

டெங்கு வைரஸில் நான்கு வகை உண்டு. ஒரு வகை வந்து போனால் அதற்கு மட்டும்தான் நீண்டகால எதிர்ப்பு. இரண்டாவது தடவை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. வைரஸைக் கொல்லத் தனி மருந்து கிடையாது. பாராசிட்டமால், ஓய்வு, கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல். உடம்புவலிக்கு என்று கடையில் ஆஸ்பிரின், புருஃபென் வாங்கிப் போடுவது ரத்தக்கசிவை வரவழைக்கும். நிலவேம்புக் குடிநீரை முகாம்களில் நானும் அண்டா அண்டாவாக ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒரு முகாமில், குடித்துவிட்டு டம்ளரைக் கழுவ ஆட்கள் போன இடத்தில் மூடாத டிரம் ஒன்று நின்றது. அதில் புழு.

நான் பிறப்பதற்கு முன்னால் கொசுவை இந்த நாடு ஏறக்குறைய ஜெயித்துவிட்டது என்று சொன்னால் இளைஞர்கள் நம்புவதில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியாவில் வருடத்துக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகக் கணக்கு. 1953இல் தேசியத் திட்டம் தொடங்கி வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடித்தார்கள். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு, ரத்தம் குடித்த பின் கனத்த வயிற்றோடு சுவரில் உட்காரும். உட்கார்ந்தால் மருந்து காலில் ஏறும். 1960களின் நடுவில் நோயாளிகள் ஒரு லட்சம் அளவுக்கு இறங்கினார்கள். எங்கள் வீட்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில், ஆட்கள் வந்துபோன தேதியை எழுதிய கட்டம் ஒன்று நான் பள்ளிக்கூடம் போகும் காலம் வரைக்கும் மங்கலாகத் தெரிந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அம்மா அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, மருந்து அடித்த மற்ற சுவரையெல்லாம் சுண்ணாம்பால் மூடிவிடுவார்! டி.டி.டி.க்குப் பழகிய மூட்டைப்பூச்சி பெருகியதால் மருந்துக்காரர்களை வாசலிலேயே மறித்தவர்களும் உண்டு. கொசுவும் பழகியது, மேலிடத்து அக்கறையும் குறைந்தது. 1976இல் மறுபடியும் 64 லட்சம் பேருக்கு மலேரியா.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் இது இன்னும் கூர்மையாக நடந்தது. 1963இல் அந்தத் தீவு முழுவதிலும் வெறும் 17 மலேரியா நோயாளிகள். முடிந்தது என்று மருந்தடிப்பதை நிறுத்தினார்கள். 1968-69இல் லட்சக்கணக்கானோர் படுத்தார்கள். இரண்டாவது முறை இலங்கை சும்மா இருக்கவில்லை. போர் நடந்த காலத்திலும் காய்ச்சல்காரர்களைத் தேடித் தேடி ரத்தம் பார்த்து, 2012க்குப் பிறகு உள்ளூரில் பரவிய மலேரியா ஒன்றுகூட இல்லாமல் செய்து, 2016இல் மலேரியா அற்ற நாடு என்ற சான்று வாங்கினார்கள். வெளிநாடு போய் வருகிறவர்களின் ரத்தத்தை இன்றும் பார்க்கிறார்கள்.

கொசுதான் மலேரியாவைக் கடத்துகிறது என்று நிரூபித்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் அந்தக் கிருமியைக் கண்டார். அதற்குச் சில மாதம் முன்பு ஊட்டிக்கு விடுப்பில் வந்தவர், கீழே சீகூர்ப் பள்ளத்தாக்கில் மலேரியாவைத் தேடிப் போய்த் தானே அதில் விழுந்தார். மலேரியா என்றால் காடு, மலை, சதுப்பு என்ற எண்ணம் அதனால்தானோ என்னவோ, இன்னும் போகவில்லை. தமிழ்நாட்டில் பல வருடங்கள் மலேரியாவின் பெரும்பங்கு சென்னையில்தான் இருந்தது.

என் மகன் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறான். ஓய்வு பெற்று முதல் தடவை போயிருந்தபோது விடியற்காலையில் மொட்டைமாடிக்கு ஏறினேன். காவலாளி, “ஐயா, அங்க போகக்கூடாது” என்று பின்னாலேயே வந்தார். நாலு தொட்டி, ஒன்றின் மூடி உடைந்து, அதன்மேல் ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். டார்ச் அடித்தேன். ஏடிஸ் புழுவும், சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸின் புழுவும் வால்பக்கத்துக் குழலை மேலே நீட்டித் தலைகீழாகத் தொங்கும். இது அப்படி இல்லை. நீர்ப்பரப்போடு படுக்கைவசமாக ஒட்டிக் கிடந்தது. அனாஃபிலிஸ். நகரத்து மொட்டைமாடித் தொட்டியிலும் கிணற்றிலும் வளரக் கற்றுக்கொண்ட அனாஃபிலிஸ் ஸ்டெபென்சி. ஏணி வைத்து எட்டாவது மாடித் தொட்டியை எட்டிப் பார்க்கிறவர் யாரும் இல்லை என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. இதே கொசு 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தலைகாட்டியது. அங்கிருந்து எத்தியோப்பியா நகரங்களுக்கும் பரவியிருக்கிறது. கிராமத்து மலேரியாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கண்டத்துக்கு நம் மொட்டைமாடி நோயும் போய்ச் சேர்ந்தது.

குடியிருப்போர் சங்கத்தில் சொன்னேன். மூடி மாற்ற இரண்டு மாதமானது. எதற்கு இரண்டு மாதம் என்று கேட்காதீர்கள். மூன்று கொட்டேஷன் வாங்கினார்களாம்.

சாக்கடைக் கொசுவுக்கும் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். ராத்திரி காதருகே பாடுவது பெரும்பாலும் அதுதான். அது கொண்டுவருவது யானைக்கால். வேலையில் சேர்ந்த புதிதில் தஞ்சைப் பக்கம் இருந்தேன். யானைக்கால் கிருமியின் குஞ்சுகள் பகலில் ரத்தத்தில் தென்படாது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தோல் பக்கம் வரும். கொசு கடிக்கிற நேரத்தைக் கணக்கிட்டு வருவதுபோல. ஆகவே நாங்களும் ராத்திரிதான் போவோம். நடுநிசியில் கதவைத் தட்டி, “ஒரு சொட்டு ரத்தம் வேணும்” என்றால் எந்த வீட்டில் வரவேற்பார்கள்? நாய்களிடம் பிழைத்து வந்ததே பெரிது. அந்தக் கொசுவுக்கு மருந்தை நம்பிப் பயனில்லை. வாருகாலைத் தூர்வாரி நீரை ஓடவிட வேண்டும். ஓடாத இடத்தில் ஆயில் பந்து: மரத்தூளைத் துணியில் பொட்டலமாகக் கட்டி, எண்ணெயில் ஊறப்போட்டு எறிவோம். எண்ணெய் மெல்லக் கசிந்து மேலே படலமாகப் பரவும்; புழு மூச்சு விட முடியாமல் சாகும். கழிவறைத் தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் ஒரு கொசுவலைத் துண்டைக் கட்டுங்கள். ஐந்து ரூபாய்ச் செலவு, வாழ்நாள் முழுக்க உங்களுக்கு என் ஆசீர்வாதம்.

வயலில் வளரும் கியூலெக்ஸ் கொசு பன்றியிடமிருந்தும் கொக்கிடமிருந்தும் கொண்டுவரும் மூளைக்காய்ச்சல் இன்னொன்று. இந்தியாவில் அது முதலில் தெரியவந்தது 1955இல், வேலூர்ப் பக்கத்தில். வயலில் தண்ணீர் கட்டாதே என்று உழவரிடம் சொல்ல முடியாது. அங்கே பிள்ளைகளுக்குப் போடும் தடுப்பூசிதான் காவல்.

கம்பூசியா மீனைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஒரு மீன் நாளைக்கு நூறு புழுவுக்கு மேல் தின்னும் என்பது உண்மை. கிணற்றுக்கும் மூடிய பெரிய தொட்டிக்கும் நல்லது. ஆனால் 1928இல் இத்தாலியிலிருந்து கொண்டுவந்த மீன் அது. ஆற்றிலும் குளத்திலும் விட்டால் நம் ஊர்ச் சின்ன மீன்களை, தவளைக் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஆர்வக்கோளாறில் நானும் ஒரு குளத்தில் விட்டிருக்கிறேன். இன்றைக்குச் செய்ய மாட்டேன். அதைவிட எனக்குப் பிடித்தது பி.டி.ஐ. என்னும் பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் ஒரு குட்டையில் கண்டுபிடித்தது. புழு அதைத் தின்றால், குடலின் காரத்தில் நஞ்சு விழித்துக்கொண்டு குடலைக் கிழித்துவிடும். மீனுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒன்றும் ஆகாது.

புதிதாக வந்திருப்பது ஓல்பாக்கியா. அதுவும் பாக்டீரியாதான்; பல பூச்சிகளின் உடம்பில் இயல்பாகவே இருக்கிறது, ஏடிஸ் எஜிப்டியில் இல்லை. அதை ஏற்றிவிட்ட கொசுவின் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாகப் பெருகுவதில்லை. தாயிடமிருந்து குஞ்சுகளுக்கும் அது போகிறது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் இப்படிக் கொசுக்களைப் பறக்கவிட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்தது என்று 2021இல் முடிவு வெளியானது. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்பரப்பிக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் 2022இல் இத்தகைய கொசு வகைகளை உருவாக்கிவிட்டதாக அறிவித்தது. என் காலத்தில் கொசுவைக் கொல்ல ஊருக்குள் போனோம். இனி கொசுவைப் பெட்டியில் கொண்டுபோய்த் திறந்துவிட வேண்டும். அந்த ஆச்சியிடம் இதை எப்படிச் சொல்வார்களோ, அந்த இளம் ஆய்வாளர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்து வருகிறது.

சுருள், மேட், திரவம், மட்டை எல்லாம் கொசுவுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு திரை. பிறப்பை அவை தடுக்காது. மூடிய அறையில் சுருள் புகையோடு குழந்தையைத் தூங்கவைப்பதைவிட வலை கட்டுவது நல்லது. டெங்கு சீசனில் பகல் தூக்கத்துக்கும் கட்டுங்கள்.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காக அந்த ஊர்ப் பக்கம் போயிருந்தேன். பந்தி முடிந்து வளவுக்குள் எட்டிப் பார்த்தேன். ஆச்சி இருக்கிறார், கண்ணாடி தடித்திருக்கிறது, பீடித் தட்டு இல்லை. தொட்டியின் மேல் வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து விரித்து, விளிம்பைச் சுற்றிச் சணல் கயிறால் இறுக்கிக் கட்டியிருந்தார். என் கை தானாகச் சட்டைப்பையில் டார்ச்சைத் தேடியது. அலைபேசி வெளிச்சத்தில் துணியை ஓரமாக நீக்கிப் பார்த்தேன். புழு இல்லை, விளிம்பில் தேய்த்த தடம்தான் இருந்தது.

“என்னய்யா பாக்கே, புழுவா? அதெல்லாம் கிடையாது” என்றார். பிறகு கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே புதுச் சிமெண்ட் தொட்டி ஒன்று, பூச்சு ஈரம்கூட ஆறாமல் நின்றது.

“எட்டு நாளைக்கு ஒருக்க வந்த தண்ணி இப்பப் பத்து நாளைக்கு ஒருக்க வருது. ஒண்ணு பத்தல. இதுக்கு மூட ஒரு வேட்டி வேணும், உன்கிட்டப் பழசு கிடக்கா?”